60 ஆயிரத்தில் கனமான கேம்கள்: கொட்டேஷனில் எழுதாமல் விட்டதைப் படியுங்கள்

கேள்வி இதுதான். கல்லூரியில் சேர்ந்திருக்கும் தம்பிக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். பாடத்துக்கும் ஆக வேண்டும். சைபர்பங்க் 2077, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மாதிரி கனமான கேம்களும் ஓட வேண்டும். கையில் 60,000 ரூபாய். 1080பி மானிட்டர் வீட்டிலேயே இருக்கிறது. கடைக்காரர் ஒருவர் "ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, ஆர்ஜிபி கேபினெட், மொத்தம் 38,000" என்று ஒரு சீட்டில் எழுதித் தந்திருக்கிறார். அதை வாங்கலாமா, இல்லை லேப்டாப்பாகப் போய்விடலாமா?

அந்தச் சீட்டில் இருப்பதை வாங்காதீர்கள். 22,000 ரூபாய் மிச்சம் போலத் தெரியும். ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு கேம்களும் அதில் ஒழுங்காக ஓட வாய்ப்பு மிகக் குறைவு. இதை நான் அந்தக் கடையைப் பார்க்காமலே சொல்ல முடிவதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்து பொருள் எழுதியிருக்கிறார், ஒன்றுக்குக்கூட முழுப் பெயர் இல்லை. குறைந்த பணத்தில் கேமிங் சிஸ்டம் வாங்குகிறவருக்கு முழு மாடல் எண்ணை வாசிக்கத் தெரிவதுதான் பெரிய பாதுகாப்பு. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஐ7 என்பது இன்டெல் பிராசசர்களில் ஒரு குடும்பப் பெயர். 2011இல் வந்த ஐ7-2600உம் ஐ7தான், 2024இல் வந்த ஐ7-14700உம் ஐ7தான். நடுவே பதின்மூன்று வருடம். 38,000 ரூபாய்க்குள் கார்டோடு சேர்த்து ஒருவர் ஐ7 தருகிறார் என்றால் அது பெரும்பாலும் 2600 அல்லது 3770 ஆகத்தான் இருக்கும். பழைய அலுவலக மெஷின்களில் இருந்து கழற்றிய பிராசசர்கள் இவை. எச்61 என்ற அந்தக் காலத்து மதர்போர்டில் போட்டு, பழைய டிடிஆர்3 வகை ராம் செருகி, கண்ணாடிக் கேபினெட்டில் கலர் விளக்கோடு வைத்தால் பார்க்கப் புதிதாகவே இருக்கும். 2022இல் வந்த நான்கு கோர் ஐ3-12100எஃப் இந்தப் பழைய ஐ7ஐ எளிதாக முந்திவிடும். வேகம் மட்டுமே பிரச்சினை என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி இன்டெலில் நான்காம் தலைமுறையில்தான் வந்தது. அதைக் கேட்கும் புதிய கேம்கள் 2600லும் 3770லும் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 11ஐ இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் முறையாக ஏற்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆக, இன்று கொடுக்கும் காசுக்கு வாங்கிய நாளிலேயே காலாவதியான பெட்டி வரும்.

"4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு" என்பதும் அப்படித்தான். கார்டின் மெமரி என்பது சமையல் மேடையின் அகலம் மாதிரி. மேடை எவ்வளவு அகலமாக இருந்தாலும் சமைக்கிறவர் கை மெதுவாக இருந்தால் இலை நிறைய நேரமாகும். ஜிடி 730 என்ற 2014ஆம் வருடத்து கார்டு 4 ஜிபியிலும் விற்கிறது. யூடியூப் பார்க்க அது போதும், சைபர்பங்க் ஓட்ட ஆகாது. சைபர்பங்க் கேட்கும் குறைந்தபட்சமே ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி, 12 ஜிபி ராம், எஸ்எஸ்டியில் 70 ஜிபி இடம். அதுவும் குறைந்த தரத்தில், நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படம் என்ற கணக்குக்கு. 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் அளவுக்கு ஒரு கார்டும் 16 ஜிபி ராமும் வேண்டும் என்று அதைத் தயாரித்தவர்களே சொல்கிறார்கள்.

சரி, முழுப் பெயர் எழுதி வாங்கினால் மட்டும் தப்பித்துவிடலாமா? இல்லை. ஒரே பெயரில் இரண்டு பொருள் விற்பது இந்தத் துறையில் சாதாரணம், அதனால் பெயரின் கடைசி எழுத்து வரைக்கும் படிக்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3050ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் வந்தது 8 ஜிபி, மெமரிப் பாதையின் அகலம் 128 பிட், 130 வாட். 2024 பிப்ரவரியில் அதே பெயரில் வந்தது 6 ஜிபி, 96 பிட், 70 வாட். உள்ளே இருக்கும் கோர்களும் 2560இலிருந்து 2304ஆகக் குறைந்திருக்கின்றன. மெமரி மட்டும் 2 ஜிபி குறைவு என்று நினைத்து வாங்குகிறவருக்குக் கிடைப்பது வேறொரு கார்டு. ஆர்டிஎக்ஸ் 3060இலும் 12 ஜிபி, 8 ஜிபி என்று இரண்டு உண்டு. 8 ஜிபி வகையில் மெமரியின் பாதையும் குறுகல். ஜிடி 1030இல் ஜிடிடிஆர்5 வகை ஒன்று, டிடிஆர்4 வகை ஒன்று. இரண்டாவது மிகவும் மெதுவானது. பிராசசரில் எஃப் என்று முடிந்தால் இன்டெலில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். தனி கார்டு வாங்கப் போகிறவருக்கு அதனால் நஷ்டமில்லை, விலையும் குறையும். ரைசனில் 5600, 5600ஜி, 5500 மூன்றுமே ஆறு கோர்தான். ஆனால் 5600இல் கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 32 எம்பி, மற்ற இரண்டிலும் 16 எம்பி. கேமில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இப்போது எதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்று பார்ப்போம். அதற்கு ஒரு ஃபிரேம் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்வது உதவும். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. அதற்குள் பிராசசர் யார் எங்கே நிற்கிறார், எந்த வண்டி எங்கே திரும்புகிறது, எதை வரைய வேண்டும் என்று தீர்மானித்துக் கார்டிடம் கொடுக்க வேண்டும். கார்டு அதை வரைந்து முடிக்க வேண்டும். இரண்டில் எது தாமதித்தாலும் ஃபிரேம் தாமதம்தான். நிழல், நீர், வெளிச்சம் இவற்றின் தரத்தையும் ரெசல்யூஷனையும் குறைத்தால் பெரும்பாலும் கார்டின் சுமைதான் குறையும். கூட்டம் நிறைந்த நகரத்தில் வண்டியோட்டும்போது வரும் திக்கல் பிராசசரின் பக்கத்திலிருந்து வருவது. செட்டிங்கை எவ்வளவு இறக்கினாலும் முழுதாகப் போகாது. ஆனால் நீங்கள் கேட்ட மாதிரியான கனமான கதை கேம்களில், 1080பி மானிட்டரில், 60 ஃபிரேம் இலக்கு என்றால் ஆறு கோர் உள்ள ஓரளவு புதிய பிராசசர் எதுவும் தாங்கும். முதலில் மூச்சுத் திணறுவது கார்டுதான். அதனால் மொத்தப் பணத்தில் சுமார் நாற்பது சதவீதத்தைக் கார்டுக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியில் மற்றவற்றைத் தேடுங்கள். உங்கள் கணக்கில் அது 23, 24 ஆயிரம்.

மானிட்டர் 1080பி என்பது உங்களுக்கு ஒரு சாதகம். அதில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 1440பியில் 36.9 லட்சம், 4கேயில் 82.9 லட்சம். பெரிய மானிட்டருக்கு ஆசைப்படும்போது அதற்கேற்ற கார்டின் விலையும் சேர்ந்தே ஏறுகிறது. இந்தப் பட்ஜெட்டில் 1080பியை விட்டு நகராதீர்கள்.

அந்த விலையில் நான் முதலில் தேடிப் பார்க்கச் சொல்வது ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600. 2021இல் வந்தது, 8 ஜிபி, 132 வாட். ஆர்டிஎக்ஸ் 3050இன் இரண்டு வகைகளையும் விட வேகமானது. பழைய கார்டு என்று தயங்க வேண்டாம். 2024இல் வந்த இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், 2025இல் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் இரண்டும் ரே டிரேசிங் (ஒளி போகும் வழியைக் கணக்கிட்டு வரைவது) வசதி உள்ள கார்டு இல்லாமல் ஓடாது, அவற்றின் குறைந்தபட்சப் பட்டியலில் ஆர்எக்ஸ் 6600 இருக்கிறது. இந்த ஒரு தகவலுக்காகவே செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி போன்றவற்றை நான் இப்போது சிபாரிசு செய்வதில்லை. வேகம் இருந்தாலும் ரே டிரேசிங்குக்கான பகுதி அவற்றில் கிடையாது. ஆர்எக்ஸ் 6600இல் ரே டிரேசிங்கை அணைத்துவிட்டு, மீடியமும் ஹையும் கலந்து வைத்தால் சைபர்பங்க் 60ஐ ஒட்டி ஓடும். ரெட் டெட் 2க்கு அதைவிடத் தாராளம். குதிரையில் மலையேறும் அந்தக் காலைப் பனிக் காட்சிகளை உங்கள் தம்பி நல்ல தரத்திலேயே பார்க்கலாம்.

6600 புதிதாகக் கிடைக்கவில்லை என்றால் ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 5050 இரண்டையும் விலை கேளுங்கள். இன்டெல் ஆர்க் பி580இல் 12 ஜிபி மெமரி உண்டு, விலைக்கு நல்ல கார்டு. ஆனால் அதற்கு ரீசைசபிள் பார் என்ற வசதி போர்டில் இருந்தே ஆக வேண்டும், பழைய அல்லது மெதுவான பிராசசரோடு சேர்த்தால் அதன் வேகம் எதிர்பார்த்ததைவிடக் கீழே இறங்கும். புது பிராசசர் போடுகிறவருக்கு மட்டும் அது பொருந்தும். பட்ஜெட்டை இன்னும் பத்துப் பன்னிரண்டாயிரம் நீட்ட முடிந்தால் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி பக்கம் பாருங்கள். அதில் 8, 16 என்று இரண்டு வகை. நீட்டுவது என்று முடிவு செய்தால் 16 ஜிபிக்கு நீட்டுங்கள். இன்றைய கனமான கேம்களில் உயர்ந்த டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) வைத்தால் 8 ஜிபி நிரம்பிவிடுவது நடக்கிறது. நிரம்பினால் சராசரி ஃபிரேம் எண் நன்றாகத் தெரியும்போதே படம் விட்டுவிட்டுத் திக்கும். 8 ஜிபி கார்டு வாங்கினால் டெக்ஸ்சரை ஒரு படி இறக்கி ஆடப் பழகிக்கொள்வது நல்லது, அதில் கண்ணுக்குப் பெரிய இழப்பு இல்லை.

தவிர்க்க வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. 4 ஜிபி மெமரி, அதோடு போர்டுடன் பேச நான்கு பாதை மட்டுமே. பிசிஐ 4.0 (அந்தப் பாதையில் 3.0ஐ விட வேகமான வகை) போர்டில் ஓரளவு சமாளிக்கும். பி450 போல 3.0 மட்டும் உள்ள போர்டில், அல்லது 5500, 5600ஜி போன்ற பிராசசரோடு போட்டால் நன்றாகவே சரியும். மலிவு சிஸ்டங்களில் இந்த மூன்றும் சேர்ந்துதான் வருகின்றன. அதனால்தான் தனியாக எச்சரிக்கிறேன்.

அப்புறம் பிராசசரும் போர்டும். நம்மூரில் பெட்டி முழுவதையும் சிபியு என்று சொல்லிப் பழகிவிட்டோம். நான் சொல்வது உள்ளே இருக்கும் சிப்பை. ரைசன் 5 5600 அல்லது இன்டெல் ஐ5-12400எஃப், இரண்டில் உங்கள் ஊரில் போர்டோடு சேர்த்து எது மலிவோ அது. இரண்டும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட், இரண்டுமே டிடிஆர்4 ராமில் ஓடும். 12400எஃப் எடுத்தால் போர்டு டிடிஆர்4 வகையா என்று பார்த்து வாங்குங்கள். அதே சாக்கெட்டில் டிடிஆர்5 போர்டும் உண்டு, ஒன்றின் ராம் மற்றதில் பொருந்தாது. ஏஎம்டியின் புதிய ஏஎம்5 சாக்கெட்டில் பின்னாளில் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதற்கு டிடிஆர்5 ராம் கட்டாயம், இந்தப் பட்ஜெட்டில் அந்தப் பணம் கார்டிலிருந்துதான் போக வேண்டியிருக்கும். பெட்டியில் கூலரோடு வரும் பிராசசரையே கேளுங்கள். ட்ரே என்று விற்பதில் கூலர் இருக்காது, வாரன்ட்டியும் பெரும்பாலும் கடையின் வாய்வார்த்தைதான். யாராவது 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9ஐ செகண்ட் ஹேண்டில் மலிவாகத் தந்தால் கொஞ்சம் நில்லுங்கள். அந்தத் தலைமுறைகளில் அதிக வோல்டேஜால் பிராசசர் மெல்லக் கெடும் பிரச்சினை இருந்ததை 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டு பயாஸ் (போர்டின் அடிப்படைப் புரோகிராம்) திருத்தம் வெளியிட்டது. முன்பு எப்படி ஓட்டினார்கள் என்று நமக்குத் தெரியாது. 12ஆம் தலைமுறையில் இந்தப் பிரச்சினை இல்லை.

ராம் இப்போது வயிற்றெரிச்சல். 2025 கடைசி மாதங்களிலிருந்து விலை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரி பக்கம் சிப் தயாரிப்பாளர்கள் திரும்பிவிட்டார்கள். குரூஷியல் என்ற பெயரில் நாம் வருடக்கணக்கில் வாங்கிவந்த ராம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே மூடுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ சும்மா கிடக்கும் டிடிஆர்4 கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அந்த ராமை எடுத்துப் போட்டாலே சில ஆயிரம் மிச்சம். வாங்கினால் 8 ஜிபி குச்சி இரண்டாக வாங்குங்கள். ஒரே 16 ஜிபி குச்சி போட்டால் பிராசசருக்கு ஒரு வழி மட்டுமே திறந்திருக்கும், கேமில் திக்கல் அதிகமாகும். பழைய ராம் வாங்குவதில் எனக்குத் தயக்கமில்லை. அது எளிதில் தேயாத பொருள், சோதிப்பதும் சுலபம்.

எஸ்எஸ்டி 512 ஜிபி என்பதில் விண்டோஸ் காட்டுவது 476 ஜிபிதான். விண்டோஸ் போக, ரெட் டெட் 2க்கு 150, சைபர்பங்குக்கு 70. இரண்டு கேம், கல்லூரி வேலை, அவ்வளவுதான் இடம். இப்போதைக்கு இது போதும். போர்டில் எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடம் இன்னொன்று இருந்தால் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். பழைய ஹார்டு டிஸ்கை போட்டோ, படம் வைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் தரும் பவர் சப்ளை பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். கொட்டேஷனில் பெரும்பாலும் இதற்கு ஒரு வரிகூட இருக்காது, "கேபினெட்டோடு வருகிறது" என்பார்கள். பல வருடம் முன்பு என் சித்தப்பா மகனுக்கு ஒரு சிஸ்டம் அசெம்பிள் செய்தேன். எல்லாம் நல்ல பொருள். கடைசியில் பணம் இடித்தது என்று கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸையே விட்டுவிட்டேன். மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர். ஒரு மழைக்கால இரவில் கரண்ட் போய், திரும்ப வந்தபோது ஒரு சத்தம், ஒரு நாற்றம். போர்டும் ஹார்டு டிஸ்கும் சேர்ந்து போயின. அதில் அவனுடைய பிராஜெக்ட் இருந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். அதை 12ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட். பிராசசரும் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட் வழியில்தான், ஆகவே பெட்டியின்மேல் 450 என்று இருந்தாலும் அது உங்களுக்கு 216 வாட் எஸ்எம்பிஎஸ்தான். உண்மையான 550 வாட் யூனிட்டில் இது 45 ஆம்பியரை ஒட்டி இருக்கும். ஆர்எக்ஸ் 6600 சாப்பிடுவது 132 வாட், 5600 எழுபது எண்பது, மற்றதெல்லாம் சேர்த்தாலும் 300க்குள் அடங்கும். அதனால் நல்ல கம்பெனியின் 500, 550 வாட் தாராளம். 750க்குப் போக வேண்டியதில்லை. 80 பிளஸ் என்ற முத்திரை மின்சாரத்தை வீணாக்காத திறனைத்தான் சொல்கிறது, பாதுகாப்புச் சுற்றுகள் நன்றாக இருக்கின்றனவா என்று சொல்லாது. ஐந்து வருட வாரன்ட்டி தருகிறார்களா என்பதை நான் கூடுதலாகப் பார்ப்பேன். வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்துவிடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் எர்த் இல்லை என்று அர்த்தம், அதை அப்படியே விடக் கூடாது. யுபிஎஸ் வாங்கினால் விஏ எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். 600 விஏ யுபிஎஸ் பொதுவாகத் தரக்கூடியது 360 வாட். இந்த சிஸ்டத்துக்கும் மானிட்டருக்கும் அது போதும், கேமைச் சேமித்துவிட்டு அணைக்க நேரம் கிடைக்கும்.

கேபினெட்டில் முன்பக்கம் முழுக் கண்ணாடி வேண்டாம், காற்றுப் போகும் வலை வேண்டும். நம்மூர் மே மாதத்தில் அறையே 35 டிகிரிக்கு மேல் இருக்கும்போது, உள்ளே காற்று வர வழியில்லாத பெட்டியில் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று. விளக்கு எரியாவிட்டாலும் பரவாயில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு 60ஐத் தாண்டுகிறது என்றால் எங்கே வெட்டுவது? முதலில் கேபினெட்டின் அழகில். அடுத்து பிராசசரில்: 12400எஃப்பை ஐ3-12100எஃப் ஆக்கலாம், அதே போர்டில் பின்னால் மேலே போக முடியும். மூன்றாவதாக, கார்டை மட்டும் செகண்ட் ஹேண்டில் எடுக்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸில் கை வைக்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டு என்றதும் மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் தோண்டும் வேலையில்) ஓடியதா என்று பயப்படுகிறார்கள். எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பர் 15ஆம் தேதி கார்டு வைத்துத் தோண்டும் முறையையே கைவிட்டது; அதன் பிறகு அந்தக் கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியதாலேயே கார்டு செத்துவிடாது, ஃபேனும் மெமரியும்தான் தேய்ந்திருக்கும். அதனால் கையில் கொடுத்து வாங்கும் இடத்தில், விற்பவரின் சிஸ்டத்திலேயே கனமான கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். திரையில் புள்ளி, கோடு தெறிக்கிறதா, ஃபேன் உறுமுகிறதா, சூடு எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவசப் புரோகிராமைத் திறந்தால் கார்டின் உண்மையான சிப் என்ன, கோர் எத்தனை என்று காட்டும். பழைய சிப்பில் புதிய பெயர் எழுதிய போலி என்விடியா கார்டுகளைப் போலி என்றே காட்டிக்கொடுக்கும். ஆர்எக்ஸ் 580 என்று விற்பவற்றில் 2048 கோர் வகை நிறைய உலவுகிறது, அசலில் 2304. அதோடு ஜிடிஎக்ஸ் 1060, 1070, 1080 எதையும் இப்போது வாங்காதீர்கள். அந்தத் தலைமுறைக்குப் புதிய கேம்களுக்கான ட்ரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது.

பணம் 60க்கும் மிகக் குறைவாக, 30 ஆயிரத்தை ஒட்டி இருக்கிற வேறு சிலரும் இதைப் படிக்கலாம். அவர்களுக்கு ஒரு வழி. அலுவலகங்களில் லீசு முடிந்து வரும் எட்டாம் தலைமுறை மெஷின்கள், உதாரணமாக ஐ5-8500 உள்ளவை, சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கிடைக்கும். ஆறு கோர், விண்டோஸ் 11 முறையாக ஏறும், டிடிஆர்4 ராமும் உள்ளேயே இருக்கும். அவற்றின் எஸ்எம்பிஎஸ் சிறியது, கார்டுக்கான தனி வயர் இருக்காது. மேலே நான் குறை சொன்ன 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி இங்கேதான் சரியான பொருள். பெரும்பாலான மாடல்களில் தனி வயர் தேவையில்லை, குட்டைப் பெட்டிக்கான உயரம் குறைந்த மாடலும் உண்டு. வாங்கும் முன் பெட்டியின் உள் அளவை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு போங்கள். சைபர்பங்கை மீடியத்திலோ அதற்குக் கீழேயோ வைக்க வேண்டியிருக்கும், ஆனால் ஓடும்.

லேப்டாப் விஷயம். தம்பி ஹாஸ்டலில் தங்கப் போகிறார் என்றால் லேப்டாப்தான் சரி, அதில் வாதமில்லை. வீட்டிலிருந்து போய் வருகிறார் என்றால் டெஸ்க்டாப். 60 ஆயிரத்தில் வரும் கேமிங் லேப்டாப்களில் பெரும்பாலும் 4 அல்லது 6 ஜிபி கார்டுதான். லேப்டாப்பில் பெயர்க் குழப்பம் இன்னும் அதிகம்: டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4070இல் 12 ஜிபி, அதே பெயரில் லேப்டாப்பில் 8 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை கம்பெனி எப்படி வேண்டுமானாலும் பூட்டி விற்கலாம். 35இல் ஓடுவதும் 115இல் ஓடுவதும் ஒன்றல்ல. லேப்டாப்தான் என்றால் எத்தனை வாட் என்று கேட்டு வாங்குங்கள். ராம் கூடுதலாகச் செருக இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கார்டு கொஞ்சம் திணறும்போது கைகொடுப்பது அப்ஸ்கேலிங். 1080பியில் குவாலிட்டி என்று வைத்தால் கேம் உள்ளே 720பியில் வரைந்து, பிறகு பெரிதாக்கிக் காட்டும். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் இதில் படத்தை நன்றாகக் காப்பாற்றுகிறது, ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் மட்டும்தான் ஓடும். ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் பழைய பதிப்புகள் எந்தக் கார்டிலும் ஓடும், ஆனால் 1080பியில் இலை, கம்பி, முடி எல்லாம் மினுமினுக்கும். 6600 எடுக்கிறவர் இதைத் தெரிந்தே எடுக்க வேண்டும். எஃப்எஸ்ஆர் 4 நல்ல முன்னேற்றம், ஏஎம்டி அதை ஆர்எக்ஸ் 9000 வரிசைக்கென்று வெளியிட்டது. ஃபிரேம் ஜெனரேஷன் என்று ஒன்றைப் பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பார்கள். அது இரண்டு ஃபிரேமுக்கு நடுவே ஒன்றை ஊகித்து வரைகிறது. ஏற்கெனவே 60 வந்துகொண்டிருந்தால் கண்ணுக்கு இன்னும் வழுக்கிக்கொண்டு போகும். 25 ஃபிரேமில் திணறும் கேமை அது காப்பாற்றாது. எண் 50 என்று காட்டும், மவுஸை நகர்த்தினால் கை கனமாகவே இருக்கும். அதனால் விளம்பரத்தில் வரும் ஃபிரேம் எண்ணை அது இல்லாமல் எவ்வளவு என்று கேட்டு ஒப்பிடுங்கள்.

கடைக்குப் போகும்போது ஒவ்வொரு பொருளுக்கும் கம்பெனி பெயர், முழு மாடல் எண், வாரன்ட்டி வருடம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். குறைந்தது மூன்று கடையில், அதே பட்டியலுக்கு. ஜிஎஸ்டி பில் இல்லாமல் சில நூறு குறைத்துத் தருவதாகச் சொன்னால் வேண்டாம். மூன்றாவது வருடம் கார்டு போனால் சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது அந்தப் பில்லைத்தான். பெட்டிகளையும் தூக்கிப் போட வேண்டாம், சீரியல் எண் அவற்றில் இருக்கிறது.

சிஸ்டம் வீட்டுக்கு வந்த அன்று இரண்டு நிமிட வேலை. பயாஸில் போய் எக்ஸ்எம்பியை இயக்குங்கள். பல ராம் குச்சிகள் பெட்டியில் எழுதிய வேகத்தில் தானாக ஓடாது, இதை இயக்கும் வரை குறைந்த வேகத்திலேயே இருக்கும். மானிட்டர் 100 ஹெர்ட்ஸ் என்றால் விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் 100 என்று நீங்கள்தான் தேர்வு செய்ய வேண்டும், அதுவாக 60இல் நின்றிருக்கும். அப்புறம் மானிட்டர் வயர். உள்ளமைந்த கிராபிக்ஸ் உள்ள பிராசசராக இருந்தால், அதைப் போர்டில் இருக்கும் துளையில் செருகினாலும் படம் வரும், ஆனால் 24 ஆயிரம் கொடுத்த கார்டு பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கும். எஃப் வகையாக இருந்தால் படமே வராது, கடைக்காரருக்கு போன் போட்டுப் பதறுவீர்கள். பெட்டியின் பின்னால் கீழ்ப்பக்கம், படுக்கைவாட்டில் இருக்கும் துளைகள்தான் கார்டினுடையவை. வயரை அங்கே செருகுங்கள்.